அது என் வீட்டின் பெயர், மலையின் பெயர் இல்லை: வேல்ஸின் சின்னக் குன்றுகளை உள்ளூரில் எப்படி அழைக்கிறார்கள்?

நடைராசா:

போன சனிக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நான் இருப்பது ஷ்ரூஸ்பரியில். அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் வேல்ஸ் எல்லை, அதைத் தாண்டினால் மான்ட்கோமரிஷயர் குன்றுகள். பேர்போன மலைகளை எல்லாம் ஏறி முடித்தாயிற்று. இரண்டு வருடமாக நானூறு மீட்டரை ஒட்டிய குட்டிக் குன்றுகள்தான். கூட்டம் கிடையாது, பார்க்கிங் காசு கிடையாது, உச்சியில் நானும் ஆடுகளும் மட்டும்.

இந்தக் குன்றுகளுக்கெல்லாம் பட்டியல் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ஹியூ மன்றோ 1891இல் பட்டியலிட்டார் (சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் இல்லை, இவர் வேறு மன்றோ). நூறு வருடம் கழித்து, 1992இல், ஆலன் டாசன் என்பவர் வேறொரு கணக்குப் போட்டார். மொத்த உயரம் எதுவாக இருந்தாலும் சரி, சுற்றியுள்ள நிலத்திலிருந்து 150 மீட்டர் தனித்து எழுந்து நின்றால் போதும் என்றார். மன்றோவுக்கு ஜோடியாக அந்தப் பட்டியலுக்கு மர்லின் என்று பெயரும் வைத்தார். இப்போது 30 மீட்டர் எழுந்தாலே சேர்த்துக்கொள்ளும் பட்டியல்கள் வந்துவிட்டன. வரைபடத்தில் பெயரே போடாத குன்றுகளும் உள்ளே வந்துவிட்டன. பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட மனசு வராமல், அடிவாரத்தில் இருக்கும் பண்ணையின் பெயரை எடுத்து, பின்னால் 'ஹில்' என்றோ 'டாப்' என்றோ ஒட்டிவிடுகிறார்கள்.

சனிக்கிழமை நான் போனது அப்படிப்பட்ட ஒன்று. கேட்டைத் திறக்கும்போது ஒருவர் குவாட் பைக்கில் வந்தார், பின்னால் நாய். பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லி, "அந்த மலைக்கு இது வழிதானே?" என்று கேட்டேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அது என் வீட்டின் பெயர்" என்றார். அப்படியானால் மலைக்கு என்ன பெயர் என்றேன். தோளைக் குலுக்கி, "டாப்" என்றார். நாயும் அவரும் போய்விட்டார்கள்.

யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ பெயர் வைத்த கதையாக இருக்கிறது. பண்ணையின் பெயரை இங்கே போடவில்லை, அவர் நிம்மதியாக இருக்கட்டும். இப்படி ஒரு குன்றின் உண்மையான உள்ளூர்ப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொத்துபரோட்டா:

எண் போதாதா அண்ணா? உயரத்தையும், வரைபடத்தில் இடத்தைக் காட்டும் கட்ட எண்ணையும் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அவரே 'டாப்' என்கிறார். பெயரே இல்லாத ஒன்றுக்குப் பெயர் தேடுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

பழையவரைபடம்:

தம்பி பரோட்டா, அவர் 'டாப்' என்று சொன்னது ஆங்கிலத்தில் கேட்ட ஒரு வழிப்போக்கருக்கு. வீட்டில் என்ன சொல்வார் என்பது வேறு.

என்னை இங்கே பலருக்குத் தெரியும். நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேல்ஸ் மண்ணை மிதித்ததில்லை. திருவான்மியூரில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர் வரைபடங்களைப் பார்ப்பது என் பைத்தியம். அதனால் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய ஆறு அங்குல வரைபடம் (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்), பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்தது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் வேல்ஸுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைய நடைவரைபடத்தில் விட்டுப்போன பெயர்கள் அதில் இருக்கும். ஆனால் ஒரு பெயர் உச்சிக்குப் பக்கத்தில் அச்சாகியிருப்பதால் அது உச்சியின் பெயர் என்று நம்பிவிடாதீர்கள். எழுத்துகள் அகலமாகப் பரந்து கிடந்தால் அது சரிவு முழுவதற்குமான பெயர். சில சமயம் கோடுகளுக்கு நடுவே இடம் இருந்த பக்கம் வரைவாளர் தள்ளி வைத்திருப்பார். நானே அப்படி எத்தனையோ பெயர்களைத் தள்ளி வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் அளவையாளர்கள் போகிற இடமெல்லாம் ஒரு பெயர்ப் புத்தகம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை விதமான எழுத்துக்கூட்டு, எது சரி என்று யார் சொன்னார்கள், நிலச்சுவான்தாரா, பாதிரியாரா, எல்லாம் பதிவாகியிருக்கும். அது இருந்தால் நடைராசாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஸ்காட்லாந்தின் புத்தகங்கள் பிழைத்திருக்கின்றன. வேல்ஸின் புத்தகங்கள் 1940இல் சவுத்தாம்ப்டன் தலைமையகத்தில் குண்டு விழுந்தபோது எரிந்துபோயின. இதை முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து தசமபாக வரைபடங்கள். சர்ச்சுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தானியமாகவோ ஆடாகவோ கொடுத்து வந்ததை, 1836ஆம் வருடச் சட்டம் பணமாக மாற்றியது. அதற்காக ஊர் ஊராக அளந்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். கூடவே ஒரு பேரேடு. யாருக்குச் சொந்தம், யார் பயிரிடுகிறார், வயலின் பெயர், உழவா மேய்ச்சலா, எத்தனை ஏக்கர், எத்தனை ரூட், எத்தனை பெர்ச் (இரண்டும் ஏக்கரின் உட்பிரிவுகள்). அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகம் இதை முழுவதும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர்களில் பெரும்பகுதி தன்னார்வலர்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வேலி போடாத திறந்த மலைப் பகுதியைப் பல ஊர்களில் துண்டு துண்டாக அளக்கவில்லை. ஒரே எண்ணில் முடித்துவிட்டார்கள், அல்லது வெறுமனே விட்டுவிட்டார்கள். உங்கள் குன்றின் உச்சி அப்படி ஒரு வெற்றிடத்தில்தான் இருக்கும். அதனால் மலையை விட்டுவிட்டு அடிவார வயல்களின் பெயரைப் பாருங்கள்.

மெல்வில் ரிச்சர்ட்ஸ் என்ற அறிஞர் பழைய ஆவணங்களிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இடப்பெயர்க் குறிப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சேர்த்தார். 1973இல் காலமானார். பேங்கர் பல்கலைக்கழகம் அதை இணையத் தேடலாக்கியிருக்கிறது. 2017இலிருந்து அரசாங்கமே சட்டப்படி ஒரு வரலாற்று இடப்பெயர்ப் பட்டியலும் வைத்திருக்கிறது. இரண்டிலும் ஊர், பண்ணைப் பெயர்கள் மலை மலையாகக் கிடைக்கும். மலைப் பெயர்தான் குறைவு.

நடைராசா, கட்ட எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள்.

செம்மறி:

சார் காகிதத்தைச் சொன்னார், நான் ஆட்களைச் சொல்கிறேன். அபெரிஸ்ட்வித் பக்கம் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை. மாலை வகுப்பில் வேல்ஷ் படித்தேன், இன்னும் படிக்கிறேன்.

தம்பி நடைராசா, நீங்கள் கேட்ட கேள்விதான் தப்பு. பட்டியலில் இருக்கும் பெயரை முதலில் சொல்லிவிட்டு "இதுதானே?" என்று கேட்டால், மரியாதைக்காக "ஆமாம் ஆமாம்" என்று விடுவார்கள். வரைபடத்தை விரித்துக் காட்டினாலும் அதில் அச்சாகியிருப்பதைத்தான் வாசித்துக் காட்டுவார்கள். "இந்த மலைக்குப் பெயர் என்ன" என்பதும் அவர்களுக்கு ஒரு விசித்திரமான கேள்வி. நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு யாராவது வந்து பெயர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

இரண்டு வருடம் முன்னால் வார்டில் ஒரு தாத்தா. இடுப்பு எலும்பு அறுவை முடிந்து படுத்திருந்தார். மனசுக்குள் இன்னும் மலையில்தான் இருந்தார். இரவில் தூக்கம் வராது. பேச்சுக் கொடுப்பதற்காக, ஆடுகளை மேலேயிருந்து எப்படி மடக்கி ஓட்டிக்கொண்டு வருவீர்கள் என்று கேட்டேன். போர்வையை முழங்காலில் தூக்கி நிறுத்தி மலையாக்கிவிட்டார். விரலால் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு நாயை இங்கே விட வேண்டும், தம்பி அந்தப் பள்ளத்தில் நிற்பான், ஆடுகள் இந்தச் சுவர் மூலையில் தப்பிக்கப் பார்க்கும். பள்ளத்துக்கு ஒரு பெயர், சுவர் மூலைக்கு ஒரு பெயர், பாறைக்கு ஒரு பெயர். இருபது பெயராவது இருக்கும், எல்லாம் ஆடு மடக்குகிற வரிசையிலேயே வந்தன. பிறகு வரைபடத்தில் பார்த்தேன். இரண்டு இருந்தது.

ஆகவே, "எங்கிருந்து ஆடுகளை மடக்கத் தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். பெயர் தானாக வரும்.

இன்னொன்று, ஒரு குன்றுக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வயலுக்கும் திறந்த மலைக்கும் நடுவே சுவர் வைத்து அடைத்த கரடு நிலத்தை 'ஃப்ரீத்' என்பார்கள். குளிர்கால வீடு 'ஹெந்த்ரே', கோடையில் மேலே போய்த் தங்கும் வீடு 'ஹவோத்'. ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் தனக்கென்று ஒரு மேய்ச்சல் வட்டம் உண்டு. வேலி இல்லாமலேயே ஆடு அதைத் தாண்டாது, தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும். அதற்குப் பெயர் 'கனெவின்'. குன்றின் இந்தப் பக்கத்துக்காரர் அவருடைய கனெவினிலிருந்து பார்த்து ஒரு பெயர் சொல்வார். அந்தப் பக்கத்துக்காரர் வேறு சொல்வார். இரண்டும் சரி.

எழுத்தைப் பற்றியும் ஒரு விஷயம். 'மோய்ல்' என்றால் மொட்டை. மரமில்லாத குன்றுக்கெல்லாம் அந்தப் பெயர் உண்டு. நம் ஊர் மொட்டைப்பாறை போல. ஆனால் முன்னால் 'எ' என்ற சுட்டு வந்தால் 'எ வோய்ல்' ஆகிவிடும். நமக்குச் சொல்லின் கடைசி மாறும், கடல் கடற்கரை ஆவது போல. அவர்களுக்குச் சொல்லின் முதல் எழுத்து மாறும். அதனால் அகராதியிலோ ஆவணத்திலோ தேடும்போது ம வரிசையில் இல்லை என்று மூடிவிடாதீர்கள். ஆங்கிலக் குமாஸ்தா எழுதியிருந்தால் இன்னும் வேறு மாதிரி இருக்கும், வேல்ஷில் 'வ' ஒலிக்கு எஃப் எழுத்து, அவர்கள் 'வி' போட்டிருப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை. 'கார்னெத்' என்றால் கற்குவியல். அதன் முதல் எழுத்து வேல்ஷில் 'சி'யிலிருந்து 'ஜி'யாக மாறும். தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்னெத்'தான்! என் வேல்ஷ் நோட்டுப் புத்தகத்தைத் தமிழில் எழுதி வைத்து ஆறு மாதம் குழம்பியிருக்கிறேன்.

வன்னிக்காற்று:

நான் தெற்கே, மெர்தர் பக்கம். செம்மறி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். க்ரிக்ஹவல் என்று ஒரு சிறு பட்டினம் இருக்கு. அதுக்கு மேலே 451 மீட்டரில் தட்டையான தலையோடு ஒரு குன்று. நடைக்காரர் எல்லோரும் 'டேபிள் மவுண்டன்' என்று கதைக்கினம். அதன் பெயர் 'க்ரிக் ஹவெல்', ஹவெலின் மேடு. ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்தக் குன்றுதான். ஊர்ப் பலகையில் தினமும் வாசிக்கிறோம், நிமிர்ந்து பார்த்தால் மேசை என்கிறோம்.

வடக்கே இதைவிடக் கூத்து. க்லிடர் மலைகளில் 'கும் க்னெய்வியோன்' என்று ஒரு தொங்கு பள்ளத்தாக்கு இருக்கு. க்னெய்வியோன் என்றால் கத்தரித்த ஆட்டு மயிர். மலையேறிகள் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமோ? 'நேம்லெஸ் கும்'. பெயர் இல்லாத பள்ளத்தாக்கு!

ஆனால் அண்ணை, உள்ளூர்ப் பெயர் என்றால் உடனே வேல்ஷ் பெயர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்கே ராட்னர் பக்கம் போனால் விம்பிள், பிளாக் மிக்சன் என்று குன்றுகள் இருக்கு. அங்கே ஆடு மேய்க்கிற சனம் பல தலைமுறையாக ஆங்கிலம்தான் கதைக்குது. அவையின் வாயில் வருவதுதான் அங்கே உள்ளூர்ப் பெயர். அதை மாற்றி வேல்ஷில் புதிதாக ஒன்று செய்தால் பட்டியல்காரர் செய்கிற பிழையைத்தான் நாங்களும் செய்கிறோம்.

கொத்துபரோட்டா:

சரி, வாதத்துக்காகக் கேட்கிறேன். வேல்ஸின் மிக உயர்ந்த மலை இருக்கும் தேசியப் பூங்காவின் நிர்வாகம், 2022 நவம்பரில் அந்த மலையின் ஆங்கிலப் பெயரான ஸ்னோடனை விட்டுவிட்டு 'அர் உய்த்வா' என்றே எழுதுவதாக முடிவெடுத்தது. அடுத்த வருடம் தெற்கே உள்ள இன்னொரு தேசியப் பூங்காவான பிரெக்கன் பீக்கன்ஸ் 'பன்னய் ப்ரஹைனியோக்' ஆனது. எல்லாரும் கைதட்டினீர்கள். அப்படியானால் அதிகாரிகள் பெயர் சொல்லலாம், பட்டியல்காரர் சொல்லக் கூடாதா?

செம்மறி:

அந்தப் பெயர்களை அதிகாரிகள் உண்டாக்கவில்லையே. வேல்ஷ் பேசுகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதையே எழுதுகிறோம் என்றார்கள், அவ்வளவுதான். ஸ்னோடன் என்ற பெயருக்கும் தொள்ளாயிரம் வருட வயது உண்டு என்பதை மறுக்கவில்லை. பெரிய மலைக்கு இரண்டு மொழியிலும் ஆள் இருக்கிறது. நானூறு மீட்டர் குன்றுக்கு ஒரே ஒரு குடும்பம்தான் சாட்சி.

பழையவரைபடம்:

பரோட்டா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கார்னெத் மலைத்தொடரில் 926 மீட்டரில் ஒரு சிகரம். வரைபடத்தில் 'கார்னெத் இஹாவ்' என்று இருந்தது, மேல் கற்குவியல் என்று அர்த்தம். 2009இல் அதை 'கார்னெத் க்வென்லியன்' என்று மாற்றினார்கள். சுதந்திர வேல்ஸின் கடைசி இளவரசர் ஹ்லவெலினின் மகள் க்வென்லியன். 1282இல் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆங்கிலேயர்கள் தூக்கிக்கொண்டு போய் லிங்கன்ஷயரில் ஒரு கன்னிமாடத்தில் வைத்துவிட்டார்கள். 1337இல் அங்கேயே இறந்தார். சொந்த மொழி காதில் விழாமல் ஐம்பத்து சொச்சம் வருடம் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. ஆனால் வரைவாளனாக என் கை நடுங்குகிறது. மேய்ப்பர் வைத்த பெயரை நினைவுச் சின்னமாக மாற்றியது வெளியாள் இல்லை, வேல்ஸ்காரர்களேதான். நியாயமான காரணத்துக்காக என்றாலும் பழைய பெயர் போனது போனதுதான்.

வன்னிக்காற்று:

நான் அந்தப் பெயர் மாற்றத்துக்கு ஆதரவு. மேல் கற்குவியல் என்று வேறு எத்தனையோ இருக்கும், க்வென்லியனுக்கு ஒன்றுதான்.

நடைராசா:

இதில் நான் சார் பக்கம். ஆனால் இழை எங்கேயோ போகிறது, குன்றுக்கு வாருங்கள்! வருவதற்கு முன் ஒரு சந்தேகம்: 'காதர் இத்ரிஸ்' சரியா, 'காதைர் இத்ரிஸ்' சரியா? (முதல் முறை ஏறிவிட்டு வீட்டுக்குச் செய்தி அனுப்பியபோது, காதர் பாய் வீட்டில் என்ன சமையல் என்று அம்மா கேட்டார்.)

செம்மறி:

அம்மாவுக்கு என் வணக்கம். அகராதிப்படி 'காதைர்', நாற்காலி. இத்ரிஸ் என்ற அரக்கனின் இருக்கை. ஒரு ராத்திரி அங்கே தூங்கினால் காலையில் கவிஞராகவோ பைத்தியமாகவோ எழுந்திருப்பீர்கள் என்று கதை. வரைபடத்திலும் 'காதைர்'. ஆனால் அடிவாரத்து டொல்கெஹ்லாய் ஊர்க்காரர்கள் வாயில் 'காதர்'தான். கடைசி அசை அந்த வட்டாரத்தில் அப்படித்தான் ஒலிக்கும். நான் கேட்டபடி 'காதர்' என்றே எழுதுவேன். வட்டாரப் பேச்சைத் திருத்தி எழுதினால், திருநெல்வேலிக்காரர் 'ஏல' என்று கூப்பிட்டதை 'அடே' என்று பதிவு செய்த மாதிரி ஆகும்.

நடைராசா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

திரும்பப் போனேன். வரைபடத்தைக் காரிலேயே வைத்துவிட்டேன். நாயின் பெயரைக் கேட்டேன், பத்து நிமிடம் நாயைப் பற்றியே பேச்சு. அப்புறம் அக்கா சொன்ன கேள்வி. அவர் திரும்பி மலையைப் பார்த்து, யோசிக்காமல் சொன்னார்: "வோய்லிலிருந்து கீழே கொண்டு வருவோம்." எந்த வோய்ல்? "வோய்ல்தான்." அவருக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பிறகு குன்றைச் சுற்றி அந்தப் பக்கத்துப் பண்ணைக்குப் போனேன். அங்கே ஓர் அம்மா அதே குன்றை 'ஃப்ரீத் வவுர்' என்றார், பெரிய ஃப்ரீத். அக்கா சொன்னது அப்படியே.

சார், நீங்கள் கண்டதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

பழையவரைபடம்:

சொல்கிறேன். தசமபாக வரைபடத்தில் உச்சி நான் பயந்தபடியே வெற்றிடம். தெற்குச் சரிவின் அடியில் சுவரை ஒட்டி ஒரு வயல், மேய்ச்சல், மூன்று ஏக்கர் சொச்சம். பேரேட்டில் பெயர் 'கை தான் எ வோய்ல்', வோய்லுக்குக் கீழே உள்ள வயல். குமாஸ்தா வேல்ஷ் முறைப்படி எழுதாமல் 'வி' போட்டு எழுதியிருக்கிறார். செம்மறி சொல்லியிருக்காவிட்டால் நான் எஃப் போட்டுத் தேடி, இல்லை என்று விட்டிருப்பேன். ஆக 1840களில் கீழே நின்றவர்களுக்கு மேலே இருந்தது வோய்ல். ராத்திரி ஒன்றரை மணிக்கு மனைவியை எழுப்பிச் சொன்னேன். நல்ல வரவேற்பு இல்லை.

கொத்துபரோட்டா:

ஒத்துக்கொள்கிறேன் சார், எண் போதாது. பட்டியலுக்கு எழுதிப் போட்டீர்களா அண்ணா?

நடைராசா:

போட்டேன். 'எ வோய்ல்' என்றும், வடக்குப் பக்கத்தில் 'ஃப்ரீத் வவுர்' என்றும், யார் எந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்கள் என்பதோடு. தசமபாக எண்ணையும் சேர்த்தேன். பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கிளம்பும்போது அவருடைய பேரன் வந்தான், பதினான்கு பதினைந்து வயது இருக்கும். தாத்தாவோடு வேல்ஷிலேயே பேசினான். என்னிடம் போனை நீட்டி, நடை ஆப்பில் அந்தக் குன்றை ஏறியதாகப் பதிவு செய்திருப்பதைக் காட்டினான். அவன் வீட்டின் பெயர், பின்னால் 'ஹில்'. நண்பர்களிடம் அப்படித்தான் சொல்வானாம். தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கே மலை எதுவும் இல்லையே, நம் அடுப்படி அல்லவா இருக்கிறது" என்றார்.

செம்மறி:

பையனிடம் 'வோய்ல்' என்று சொன்னீர்களா?

நடைராசா:

நான் எதற்கு அக்கா. தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.